இழந்த நாட்கள்: பூஜ்யம்

ஆறுமுகநேரிப் பக்கமிருக்கும் அந்த ரசாயன ஆலையில் சரண்யாதேவிக்கு என்ன வேலை என்றால், கம்பெனி எவ்வளவு நல்ல கம்பெனி என்பதை எண்களில் காட்டுவது. எவ்வளவு தண்ணீர் எடுத்தோம், எவ்வளவு புகை விட்டோம், காயத்தால் எத்தனை வேலைநாட்களை இழந்தோம். இந்தக் கடைசி எண் இரண்டு வருடமாகப் பூஜ்யம். வெள்ளிக்கிழமை இந்த எண்களைப் பார்த்துக் கம்பெனிக்கு மதிப்பெண் போட மும்பையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

திங்கட்கிழமை காஸ்டிக் சோடா குழாய் பிளந்து, காண்ட்ராக்ட் தொழிலாளி பேச்சிராஜாவின் வலது கால் வெந்துபோனது. கம்பெனி டாக்டர் கட்டுப் போட்டார். மறுநாளிலிருந்து கம்பெனி கார் வீட்டுக்கே போய் அவரை ஏற்றிவந்து சரண்யாவின் மேசைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது. வருகைக் கருவியில் விரல் வைத்தால் வேலைக்கு வந்ததாகக் கணக்கு. வந்துவிட்டால் நாள் இழப்பில்லை.

“மாமியா வீட்டுலகூட எனக்கு ஏசி போட்டதில்ல மேடம்,” என்றார் முதல் நாள்.

வியாழக்கிழமை அவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். காலில் போட்ட கட்டு வாடையடித்தது. காய்ச்சலில் உடம்பு தூக்கிப்போட்டது. சரண்யா மேலாளர் செல்வதுரையிடம் ஓடினாள்.

“நாளைக்கு ஒருநாள்தானம்மா. சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரில சேத்துருவோம்.”

“சார், கால் கறுத்துட்டு.”

“கால டாக்டர் பாப்பாரு. நீ எண்ணப் பாரு.”

எண்ணைத்தான் பார்த்தாள். பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டாள். ஆட்டோ பிடித்து அவரைத் திருச்செந்தூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள்.

கட்டை அவிழ்த்த பெண் மருத்துவர், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார். “எங்க நடந்தது?”

“ஆலையில...” என்று சரண்யா ஆரம்பித்தாள்.

“வீட்டுல,” என்றார் பேச்சிராஜா. “வெந்நிப் பானை கவுந்துட்டு.”

“அண்ணாச்சி, என்ன சொல்லுதிய?”

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது. “சும்மா இரிங்க மேடம். எம் மச்சினன் ரெண்டு பேரும் அதே காண்ட்ராக்டர்ட்டதான் நிக்கானுவ. அவனுவ சோத்துல மண்ணள்ளிப் போடாதிய.”

வெந்நீர்க் காயம் இப்படி இருக்காதே என்று மருத்துவர் முணுமுணுத்தார். ஆனாலும் சீட்டில் அவர் சொன்னபடியே எழுதினார்.

மறுநாள் காலை செல்வதுரை அந்தச் சீட்டின் நகலை அவள் மேசையில் வைத்தார். “வீட்டுல நடந்ததுக்கு நாம எப்படிம்மா பொறுப்பு?” குரலை உயர்த்தவே இல்லை. வாசலில் மும்பைக்காரர்களின் கார் வந்து நின்றது. அவர் நகரவில்லை.

சரண்யா ஒன்றை அழித்துப் பூஜ்யம் போட்டாள். அந்நேரம் பேச்சிராஜாவை அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்.