கூடை நிறைய அடுத்தவர் உப்பு

1

“உங்க கடல்ல என்ன இருக்கு? சாயந்தரமானா எங்க கடல்ல சூரியன் முங்கறதப் பாக்கணும் நீ. இங்க அது வயக்காட்டுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குது.”

“மொளைக்கறது எங்க கடல்லம்மா. மொளைக்காதத எங்கேர்ந்து முங்க வைப்பீங்க?”

“பாத்திருக்கியா நீ? பாக்காதவளுக்கு வாய் எதுக்கு?”

இந்தக் கதை பிறந்தது இந்தச் சண்டையில்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இடம், முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு வாசல். கூடைக்கு அந்தப் பக்கம் மீன் விற்கும் வைத்திக்குப்பத்து அஞ்சம்மாள். இந்தப் பக்கம், எங்கள் சர்க்காருக்கே சேர்ந்த மேற்குக் கடலோர ஊரான மாஹேயிலிருந்து மாற்றலாகி வந்த சர்க்கார் குமாஸ்தாவின் மனைவி. தெருவே அவளை மாஹே அம்மா என்றுதான் சொல்லும். ஒரு சங்கரா மீனின் செவுளைத் திறந்து பார்த்ததில் தொடங்கிய பேச்சு கடலில் போய் நின்றது. நான் மீன் வாங்கி முடித்து வெகு நேரமாகியிருந்தது. பிறகும் ஏன் அங்கேயே நின்றேன் என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை.

பார்க்க ஆசையிருந்தால் நடந்தே போய்ப் பாரேன் என்று மாஹே அம்மா கேலியாகச் சொன்னாள். அஞ்சம்மாள் சும்மாட்டைச் சரிசெய்து கூடையைத் தலைக்கு ஏற்றினாள்.

“நடந்துதான் போவேன். மாஹேவும் நம்ம சர்க்கார் ஊர்தான? இங்கேர்ந்து நம்ம ஊர்க் கோடி உப்பளம் போற மாதிரி. கொஞ்சம் தள்ளி இருக்குது, அவ்வளவுதான்.”

கொஞ்சம்தான். நடுவில் கல்வராயன் மலை, காவிரி, வயநாட்டுக் காடு.

2

முதலில் இப்படி எழுதினேன்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதத்துப் பனியில், பெண்மணி ஒருத்தி—’

அடித்துவிட்டேன். பெண்மணி என்று கூப்பிட்டால் அஞ்சம்மாள் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பாள்.

அடுத்தது: ‘பயணம் என்பது மனித மனத்தின் ஆழத்தில்—’

இதையும் அடித்தாயிற்று. மனித மனத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும்.

ஆகவே தெரிந்ததைச் சொல்கிறேன். அஞ்சம்மாளுக்கு நாற்பது இருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை இல்லை. தம்பி இருசப்பன் ஒருத்தன்தான். அவளுக்குத் தடை காசோ காடோ அல்ல; எங்கள் பக்கத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை என்பதுதான். நடந்தால் அது வேண்டுதல். எந்தச் சாமிக்கு என்று ஊரே கேட்டது. (நானும் கேட்டேன், இரண்டு தரம்.) சாமியெல்லாம் இல்லை, கடலைப் பார்க்கப் போகிறேன் என்றாள். கடலோரத்தில் பிறந்தவள் கடலைப் பார்க்க நடக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? கூடவே போய் எங்காவது மடக்கித் திருப்பிக் கூட்டி வா என்று குப்பத்துப் பஞ்சாயத்தார் இருசப்பனை அனுப்பினார்கள்.

ரெட்டியார்பாளையம் வரைக்கும் நாங்களும் போனோம். வழியனுப்ப என்று பேர். எந்த இடத்தில் திரும்புவாள் என்று பார்க்கத்தான் போனோம். அவள் கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. மீன் கூடையில் ஒரு மாற்றுப் புடவை, ஒரு சட்டி, கொஞ்சம் அரிசி. தெருவில் வியாபாரத்துக்கு வரும்போது எப்படி நடப்பாளோ அதே நடை. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை.

3

இருசப்பனை என்ன செய்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வில்லனாக வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. கட்டுமரத்தில் ஆடாமல் நிற்பவன், தரையில் வில்லியனூர் தாண்டுவதற்குள் நொண்டத் தொடங்கினான். அக்காவைத் திருப்ப வந்தவனை அக்காதான் ஆங்காங்கே உட்கார வைத்துக் காலில் எண்ணெய் தடவிக் கூட்டிப் போனாள். இப்படிப்பட்டவனை எந்தக் கதையில் வில்லனாக்குவது?

அவன் செய்தது ஒரே ஒரு பொய்.

திருக்கோயிலூருக்கு அப்பால் ஒரு ஊரில் ராத்தங்க இடம் கேட்டபோது, காரியமில்லாமல் நடக்கிறவர்களைக் களவாணிகள் என்று விரட்டிவிட்டார்கள். அடுத்த ஊருக்குள் நுழையும் முன் இருசப்பன் ஒரு மஞ்சள் துணி வாங்கிக் கூடையைச் சுற்றிக் கட்டினான். அக்காவுக்கு வேண்டுதல், மேற்கே ஒரு சாமி என்றான். உடனே பாய் வந்தது, சோறு வந்தது. மறுநாள் காலையில் உப்பு வந்தது.

*உப்பு எதற்கென்று தெரியாதவர்களுக்கு: கோயிலுக்கு நடக்கிறவர் கையில் உப்பும் மிளகும் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். கோயில் குளத்தில் அதைக் கரைத்தால் வீட்டுக் கஷ்டமும் கூடவே கரையும்.*

பேச்சு வராத பிள்ளைக்காக ஒருத்தி கொடுத்தாள். பட்டாளத்துக்குப் போய்த் தகவலே இல்லாத மகனுக்காக ஒருத்தி. எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லையம்மா என்று அஞ்சம்மாள் உள்ளதைச் சொன்னாள். எவ்வளவு அடக்கம் பார் என்று மெச்சி இன்னும் இரண்டு பொட்டலம் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் இதே கதை. மலையடிவாரம் போவதற்குள் கூடை நிறைந்துவிட்டது.

4

இனி மலை. நான் போனதில்லை. பக்கத்துத் தெருக் கலியமூர்த்தி கல்வராயன் மலைக்குக் கடுக்காய் வாங்கப் போகிறவன். அங்கே இவர்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது இது. (அவன் சொன்னதில் கரடி துரத்திய இடத்தை எடுத்துவிட்டேன். அவன் எந்த ஊருக்குப் போனாலும் கரடி துரத்தும்.)

காற்றையும் நட்சத்திரத்தையும் வைத்துத் திசை சொல்லும் இருசப்பனுக்கு மரங்களின் அடியில் ஒன்றும் புரியவில்லை. அஞ்சம்மாளின் கணக்கு சுலபம். காலையில் வெயில் முதுகில் விழ வேண்டும், சாயந்தரம் முகத்தில். வெயில் தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொள்வாள், தெரிகிற வரைக்கும். புதர் அடர்ந்த இடங்களில் மிருகங்கள் விலகட்டும் என்று தொண்டையைத் திறந்து கூவிக்கொண்டே போனாளாம், எங்கள் தெருவில் கூவுவது போலவே: மீனோ மீனு என்று. கல்வராயன் மலைக் கரடிகளுக்குக் கவலை மீனைக் கூவிக் கூறு போட்டவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கேலி செய்யத்தான் இந்த வரியை எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது.

ஓர் ஓடையில் இருசப்பன் கணுக்கால் பிசகி விழுந்தான். அவனைத் தாங்கிக்கொண்டு வந்து ஒரு மலைக்குடிசையில் சேர்த்தாள். அது வீராயி என்கிற பெண்ணும் அவள் அப்பாவும் இருந்த வீடு. அங்கேதான் கலியமூர்த்தியும் தங்கியிருந்தான். சாமைக் கஞ்சி ஊற்றினார்கள். வீட்டில் உப்பு தீர்ந்துபோயிருந்தது. சந்தை கூடுவதற்கு இன்னும் நாள் இருந்தது.

அஞ்சம்மாள் கூடைக்குள் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். இருசப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“அது சாமி உப்புக்கா.”

“எந்தச் சாமி? நீ சொன்ன சாமிதான?”

“நான் பொய்தான் சொன்னேன். குடுத்தவங்க பொய்யாவா குடுத்தாங்க?”

அவள் பொட்டலத்தைத் திரும்ப வைத்தாள். உப்பில்லாத கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அப்ப திரும்பிடலாம் வா. நீ வந்த காரியமும் அதுதான. வீடு வீடா ஏறி, பொய்யின்னு சொல்லி, அவங்கவங்க பொட்டலத்த அவங்கவங்க கையில குடுத்துடு. கடைசி வீடு வரைக்கும் நான் உன்கூட நிக்கறேன்.”

பஞ்சாயத்தார் கேட்டதும் இதைத்தான். திரும்பு என்று அவளே சொல்லிவிட்டாள். இருசப்பன் தலையாட்டினால் கதை முடிந்தது. அவன் வீங்கிய காலையும் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை, கூடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவன் மனசில் என்ன ஓடியிருக்கும் என்றால்—

(இந்த வரி இப்படியே நிற்கட்டும். எனக்குத் தெரியாது.)

“நீ போக்கா. போய் அந்தக் கடல்லியே கரைச்சுடு. அது கரையற வரைக்கும் நான் உப்பு போட்டுக்க மாட்டேன்.”

“கரைஞ்சுதுன்னு உனக்கு எப்படிடா தெரியும்?”

“நீ வந்து சொன்னா தெரியும்.”

விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் மேற்குச் சரிவில் இறங்கினாள். கூவும் குரல் மரங்களுக்குள் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்ததாம். அவள் புறப்பட்ட முதல் சில வாரங்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவளைப் பார்த்தவர்கள் யாரும் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

5

முடிவு மூன்று எழுதினேன். முதலாவதில் அஞ்சம்மாள் மாஹே கரையில் நிற்கிறாள், சூரியன் முங்குகிறது, உப்பு கரைகிறது. படித்துப் பார்த்தேன். அவ்வளவு சிவப்பாகச் சூரியன் எங்கும் முங்காது, கிழித்துவிட்டேன். இரண்டாவதில் காவிரியிலேயே உப்பைக் கரைத்துவிட்டுத் திரும்புகிறாள். புதுச் சங்கராவுக்கு நடுவில் பழைய மீனை ஒளித்து விற்காதவள் இதைச் செய்ய மாட்டாள். மூன்றாவது, ‘வயநாட்டுக் காட்டில் ஒரு ராத்திரி—’ அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே, மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லிவிடுகிறேன். கலியமூர்த்தி கடுக்காய் வியாபாரத்தை விட்டுவிட்டு உப்பளத்துக்குக் குடிபோனான். அறுபதாம் வருஷம் குமாஸ்தாவுக்கு மறுபடி மாஹேவுக்கே மாற்றல் வந்தது. சாமான் வண்டி புறப்படும்போது மாஹே அம்மா என்னைக் கூப்பிட்டாள். “தினம் சாயந்தரம் கரைக்குப் போய்ப் பாப்பேன். அவ வந்தா அவகிட்டதான் மீன் வாங்குவேன். செவுளத் தொறந்து பாக்க மாட்டேன்” என்றாள். 

கால் ஆறும் வரை மலையில் இருந்த இருசப்பன், வீராயியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வைத்திக்குப்பத்துக்கு வந்தான். பஞ்சாயத்தார் கேட்டதற்கெல்லாம், அக்கா நடந்துக்கிட்டிருக்கு என்பதுதான் பதில். உப்புத் தண்ணீரில் பிழைக்கிறவன் உப்பில்லாமல் தின்கிறான் என்று குப்பம் கொஞ்ச காலம் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை. வீராயியும் அவனோடு சேர்ந்து அப்படியே தின்றாள்.

இந்த மாசியில், எங்கள் தெருமுனைக் கடைக்கு வீராயி வந்தாள். உப்பு கேட்டாள். கருவாட்டுக்கு வாங்குகிறவர்கள் மூட்டையாக வாங்குவார்கள். இவள் வாங்கியது முந்தானையில் முடிகிற அளவு. கஞ்சிக்காக இருக்கலாம். வீட்டுக்கு யாராவது வந்திருக்கலாம். திருஷ்டி கழிக்கவும் இருக்கலாம்.

நான் பக்கத்திலேயேதான் நின்றேன். கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்தத் தெருவில் யாரிடமும் எதையும் கேட்காமல் விட்டதில்லை நான். இதை மட்டும் கேட்கவில்லை. அவள் முடிந்துகொண்டு வேகமாக நடந்து தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வைத்திக்குப்பம் பக்கம் போனால் நீங்கள் கேளுங்கள். எனக்கு வந்து சொல்ல வேண்டாம்.