கால்களுக்கு மட்டும் சம்மதம்

எங்கள் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்கள் ரோட் பைக் என்கிற ரேஸ் சைக்கிளை வாங்கக் கடைக்குப் போவதில்லை. ரோட் பைக்தான் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்க்கும். பிடித்தால் எடுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பஜ்ஜியைத் தொடாமல், வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகக் கூறிவிட்டு இறங்கிப் போய்விடும்.

என் மனைவி கோகிலவாணியைப் போன தையிலேயே ஒரு வெள்ளை பைக் பார்த்தது, பிடித்தது, முடிந்தது. ஞாயிறு விடியலில் இருவரும் சிறுவாணி சாலையில் மலையைப் பார்த்துப் போவார்கள். பின்விளக்கின் சிவப்பு பால் பூத் திருப்பத்தில் மறையும்வரை நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். நின்று பார்ப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. திரும்பி வரும்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். கல்யாணமான இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்குள் பார்த்ததே இல்லை. அது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அதற்காகத்தான் எனக்கு பைக். உடம்புக்காக என்று ஆபீசில் சொல்லியிருந்தேன்.

முதலில் வந்த பைக், குனிந்தபடி சாலையைப் பார்க்க எனக்குக் கழுத்து போதாது என்றது. இரண்டாவது கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். தெருமுனைக் கடைக்கே நான் காரில் போகிறவன் என்று யாரோ புண்ணியவான் போட்டுக்கொடுத்துவிட்டார். மூன்றாவதும் தட்டிப்போனால் ஜிம் சைக்கிளுக்குத்தான் தள்ளிவிடுவார்கள். அது இருந்த இடத்திலேயே இருக்கும். யாரோடும் எந்த ஏற்றமும் ஏறாது.

மூன்றாவது பைக்கை சைக்கிள் கடை தேவசிகாமணி அழைத்து வந்தார். கறுப்பு. வந்ததும் எங்கள் பீரோமேல் சாய்ந்துகொண்டது.

"பெரிய குடும்பமுங்ணா," என்றார் அவர். "ஸ்டாண்டு கிடையாது, மணி கிடையாது, மட்கார்டு கிடையாது. பெடலுகூட நீங்கதான் சீர்வரிசையாப் போடோணுங்."

எவ்வளவு இல்லையோ அவ்வளவு உயர்வு என்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். நான் குனிந்து காட்டினேன். மொட்டை மாடிவரை ஏறி இறங்கினேன். மேட்டில் மூச்சுவிடத் தெரியுமா என்று பைக் தரப்பில் கேட்டார்கள். விட்டுக் காட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே வந்தது. தேவசிகாமணி டேப்பை வைத்துக் காலை அளந்தார். தொடைப் பொருத்தம், முழங்கால் பொருத்தம் எல்லாம் அமோகமாக அமைந்தன. கோகிலவாணியின் முகத்தில்கூட லேசாக நம்பிக்கை தெரிந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பைக் சம்மதம் சொல்லும்வரை ஆள் பஜ்ஜியைத் தொடக்கூடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் வாழைக்காய் பஜ்ஜி, சூடு வேறு. அந்த பைக்கின் வீட்டார் ஒரு திருகாணியை மாற்றி மல்லிகை மொட்டின் எடையளவு குறைத்ததைப் பற்றித் தேவசிகாமணி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூன்றாவது பஜ்ஜியை எடுத்தேன். பைக் ஹேண்டில்பாரை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் பதில் வந்தது.

"காலு ரெண்டும் ரொம்பப் புடிச்சுப்போச்சாமுங்ணா," என்றார் தேவசிகாமணி. "மத்ததெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்னு சொல்லுது."

"காலாச்சும் நல்ல எடத்துக்குப் போகுதே, உடுங்க," என்றாள் கோகிலவாணி.

இது ஒன்றும் ஊரில் நடக்காததில்லை. எதிர் வரிசை மருந்துக்கடை சேதுமாதவனின் தோள்கள் ஒரு வருடமாக ஜிம்மில்தான் இருக்கின்றன. சட்டை நிற்காது என்பதால் பனியனோடு கடையைப் பார்த்துக்கொள்கிறார். வியாபாரத்துக்குக் குறைவில்லை.

அடுத்த ஞாயிறு கோகிலவாணி என் கால்களுக்கு ஆரத்தி எடுத்து, ஷூ மாட்டி அனுப்பினாள். என்னைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து பால்கனியில் விட்டாள். இப்போது இரண்டு சிவப்பு விளக்குகள் பால் பூத் திருப்பத்தில் மறைந்தன. ஒன்றில் தொடைவரைக்கும் நான் இருந்தேன். வருத்தமாகத்தான் இருந்தது, ஆனாலும் போகவே இல்லை என்று சொல்ல முடியாது.

திரும்பி வந்தபோது அதே சிரிப்பு. எங்கே ஆரம்பித்தது என்று கேட்டேன்.

"பூண்டி ஏத்தத்துலீங்க. உங்க காலு கூடவே வந்துச்சு. ஒரு வார்த்தை பேசோணுமே? அத்தனை நிம்மதி."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது இன்னும் என்னிடம்தான் இருந்தது.

கால்கள் மெலிந்து முறுக்கேறின. ஆரம்பத்தில் காலை டிபனுக்குள் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு மத்தியானம் ஆயிற்று. இந்த ஞாயிறு இருட்டும் நேரம்வரை காணோம். கோகிலவாணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். மலையடிவாரத்து டீக்கடை, மேஜையில் இரண்டு கிளாஸ். எதிர் பெஞ்சில் என் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உட்கார்ந்திருந்தன. எனக்குக் கால்மேல் கால் போட வராது.

அழைப்பு மணி அடித்தது. எழுந்து போக வழியில்லாததால் உள்ளே வரச் சொன்னேன். தேவசிகாமணி ஒரு ஜிம் சைக்கிளோடு வந்தார். வீட்டில் பஜ்ஜி சுட ஆளில்லை என்று தெரிந்து அவரே கடையில் ஒரு தட்டு வாங்கி வந்திருந்தார். சைக்கிள் நடுக்கூடத்தில் திடமாக நின்று என் வயிற்றை ஆசையோடு பார்த்தது.

"வவுத்தைக் கேட்டு வந்திருக்குதுங்ணா. அக்கா போன்லயே சம்மதம் சொல்லிட்டாங்க."

அவள் சொல்லிவிட்டால் சரிதான். வயிறும் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது. தேவசிகாமணி பஜ்ஜிப் பையைப் பிரித்துத் தட்டை என் பக்கம் வைத்தார். நான் ஒன்றை மட்டும் கேட்டேன்: கண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, பூண்டி ஏற்றத்தில் வெள்ளை பைக்குக்குப் பக்கத்திலேயே போகிற மாதிரி ஏதாவது பைக் இருக்கிறதா?

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு இருக்குதுங்ணா. ஆனா ரொம்ப ஆச்சாரமான குடும்பம். கண்ணு பஜ்ஜியைப் பாத்ததுன்னு தெரிஞ்சா வேண்டாம்னுரும்."

நான் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு தட்டைத் துழாவினேன்.