இரண்டு மணித் தண்ணீர்

"மேசையைக் காலி பண்ணுங்க அண்ணி, வண்டி வந்துடுச்சு" என்று கொழுந்தன் வாசலிலிருந்து கத்தியபோது, அவள் இரண்டு கையாலும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். குழி குழியாக இருக்கும் நாற்றுத் தட்டு. அதில் இருபத்தாறு மிளகாய் நாற்றுகள். அவள் ஓர் அடி வைத்தால் இருபத்தாறும் தலையாட்டின. வைப்பதற்குத்தான் இடமில்லை. சோபாவில் அக்கம்பக்கத்தார், நாற்காலிகளில் டிப்போக்காரர்கள், தரையில் செருப்புகள்.

"அதைக் கொண்டுபோய் மாடிப்படியில வைங்க. செடிதானே."

"படியில வெச்சா மிதிச்சுடுவாங்க தம்பி."

"மிதிச்சா மிதிக்கட்டும் அண்ணி. இன்னிக்கு இதா முக்கியம்?"

ஆமாம், இதுதான் முக்கியம் என்று சொன்னால் மூளை பிசகிவிட்டது என்பார்கள். அவள் தட்டைத் தன் தையல் மெஷின்மேல் வைத்தாள். மெஷின் ஊசியில் யாருடையதோ கால்சட்டை பாதி மடிப்போடு மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவும் நேரமில்லை.

இரண்டு பேர் அவள் கணவரின் உடலைத் தூக்கிவந்து ஜன்னலோர மேசையில் படுக்கவைத்தார்கள். காலையில் பால் வாங்கக் கிளம்பி, ஒரு செருப்பை மாட்டிவிட்டு மறு செருப்பைத் தேடிய மனிதர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். உட்காரும்போது அவளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. 'என்னங்க' என்று அவளும் கேட்கவில்லை. நாற்பத்தொரு நாள் பேசாமல் இருந்த வாய் சட்டென்று திறந்துவிடுமா? அடுப்பை அணைத்துவிட்டு வந்து தோளைத் தொட்டபோது தலை சரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததோடு சரி.

அதை நினைத்து அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். டிப்போவில் அவருக்குப் பெயரே 'டைம் சார்'. அப்படிப்பட்டவர் போகிற போக்கில் ஒரு நிமிஷம் முன்னால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

ஓய்வு பெற்ற புதிதில் அவருக்கு நேரம் பார்க்க வண்டி இல்லாமல் போனது. கொஞ்ச நாள் அவளுக்கு நேரம் பார்த்தார். டீ போட ஏழு நிமிஷமா, ஒரு பித்தான் தைக்க நாலு நிமிஷமா என்று. "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று அவள் சத்தம் போட்ட மறுநாள்தான் ஒரு பொட்டலம் மிளகாய் விதையோடு வந்து நின்றார். விதையை ஓர் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தார். ஈரத்தாளில் சுற்றி டப்பாவில் போட்டு, சூடு இருக்கும் என்று ஃபிரிட்ஜின் தலையில் வைத்தார். முளை எட்டிப் பார்த்ததும் ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துத் தென்னை நார்த்தூள் நிரப்பிய குழியில் இறக்கினார். இடுக்கி அவளுடையது. மேலே கட்டிய விளக்கு மெஷின் விளக்கு. வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலும் அவள் துணி வெட்டுகிற ஜன்னல். எல்லாம் போனது.

ஆனாலும் அந்த முதல் தட்டு முளைத்தபோது அவளும் குனிந்து பார்க்கத்தான் செய்தாள். சில நாற்றுகள் விதைத் தோலைக் கழற்ற முடியாமல் தொப்பி போட்டுக்கொண்டு நின்றன. அவர் எச்சில் தொட்டு ஒவ்வொரு தொப்பியாகக் கழற்றினார். இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்தார்கள்.

பத்தே நாள். ஒரு காலையில் அத்தனையும் அடித்தண்டு நூலாக மெலிந்து சாய்ந்து கிடந்தது. அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "யாரோ கை வெச்சிருக்காங்க" என்றார்.

இரண்டே பேர் இருக்கிற வீட்டில் யாரோ!

கை வைத்தது அவள்தான். மேல்தூள் வெளுத்துக் காய்ந்து கிடந்தது, பாவமாக இருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அவர் சோபாவில் படுத்துக் குறட்டை விடும்போது ஒரு டம்ளர் ஊற்றினாள். கடைசி நாலு நாள் மட்டும். 'நீ ஊத்தினியா?' என்று நேராகக் கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பாள். யாரோ என்றால் யாரோவே பதில் சொல்லட்டும். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அவர் இரண்டாவது தட்டு போட்டார். அவள் தனக்குள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். முதல் தட்டு தாகத்தில்தான் செத்தது. தான் ஊற்றியது போதவில்லை, ஆரம்பித்ததும் தாமதம். இந்த முறை முளைத்த நாளிலிருந்தே தினம் இரண்டு டம்ளர். இரண்டு மணி, குறட்டை, குழாய், தண்ணீர். தட்டு பிழைத்தது. விதையிலை இரண்டு வந்தது, அதற்குமேல் நிஜ இலை இரண்டு வந்தது. இன்னும் இரண்டு விரியட்டும் என்று காத்திருந்தாள். விரிந்ததும் தட்டை அவர் முன்னால் வைத்து, 'பாத்தீங்களா? நான் ஊத்தித்தான் இது பொழைச்சுது' என்று சொல்ல வேண்டும். மெஷின் மிதித்தபடி அதை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருப்பாள். முந்தாநாள்தான் அந்த இலைகள் விரிய ஆரம்பித்தன. இனி யாரிடம் போய்ச் சொல்வது?

ஒரு மணிக்கு மகள் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே ஓடிவந்தவள். விரல்களில் இன்னும் சாக்பீஸ் தூள் இருந்தது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

"உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லலைங்கறேன்ல!" குரல் உயர்ந்துவிட்டது. நாற்காலிகள் திரும்பிப் பார்த்தன.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஆனது. அவள் எழுந்தாள். தான் எழுந்தது குழாயைத் திறந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து, மெஷின்மேல் இருந்த தட்டில் குழி குழியாக ஊற்றினாள். திரும்பிப் போய் இன்னொரு டம்ளர். ஊற்றும்போது வழக்கம்போல் ஓரக்கண்ணால் அவர் தூங்குகிறாரா என்று பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. குறட்டை இல்லை.

"அண்ணி, என்ன பண்றீங்க?" கொழுந்தன் பதறி வந்தான். "எல்லாரும் வந்திருக்கிற நேரத்துல!"

"அம்மா, உக்காரும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே. நான் என்ன திருடவா செய்யறேன்?"

கொழுந்தன் மகளைப் பார்த்தான், மகள் கொழுந்தனைப் பார்த்தாள். அதிர்ச்சியில் இப்படித்தான் இருக்கும் என்று யாரோ பின்னால் மெதுவாகச் சொன்னார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதிர்ச்சியாம்.

சுவரோரம் நின்றிருந்த கீழ்வீட்டுக்காரி மட்டும் கிட்டே வந்தாள். மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, அதிகம் பேசாதவள்.

"ரெண்டு டம்ளராக்கா?" என்றாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீழ்வீட்டுக்காரி மேசைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. இனிமே சொன்னா கோச்சுக்கவா போறாரு?" என்று குரலைத் தாழ்த்தினாள். "தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு மேலேருந்து என் துணிமேல சொட்டு சொட்டா தண்ணி விழும்க்கா. பழுப்புத் தண்ணி. வெள்ளைத் துணியெல்லாம் கறை. சண்டை போட்டே தீரணும்னு ஒரு நாள் மேலே வந்தேன். நீங்க வழக்கம்போல தைச்ச துணியக் குடுக்கக் கடைக்குப் போயிருந்தீங்க. சார் பால்கனியில இந்தத் தட்டைச் சாய்ச்சுப் பிடிச்சிட்டு நிக்கறாரு."

"எதுக்கு?"

"நீங்க ஊத்தின தண்ணிய வடிக்கத்தான். 'மத்தியானம் அவ ஊத்துவா, சாயங்காலம் நான் வடிக்கணும், இல்லேன்னா தண்டு அழுகிடும், முதல் தட்டு அப்படித்தான் போச்சு'ன்னாரு."

அவள் டம்ளரை மெஷின்மேல் வைத்தாள்.

"அவருதான் தூங்கிட்டிருப்பாரே?"

"எங்கக்கா தூங்கினாரு? குறட்டை விட்டுக்கிட்டே பாத்துட்டிருப்பாராம். சொல்லிச் சொல்லி சிரிச்சாரு. 'ஊத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிட வேண்டியதுதானே, என் துணியாவது பொழைக்கும்'னேன். 'சொன்னா நிறுத்திடுவா. இப்போதைக்கு எனக்காக அவ எழுந்து வர்றது அந்த ரெண்டு மணிக்குத்தான்'னாரு."

குழாயைத் திறந்ததும் குறட்டைச் சத்தம் கொஞ்சம் கூடும். அது அவளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அசந்து தூங்குகிறார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

அவள் மேசைக்குப் போனாள். அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து நாற்பத்தொரு நாளாகிவிட்டது. தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவள் ஊற்றித்தான் முதல் தட்டு செத்தது. அவர் வடித்துத்தான் இரண்டாவது தட்டு பிழைத்தது. சேர்த்துவைத்திருந்த அந்த ஒரு வாக்கியத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அவளாவது பேசியிருக்கலாம். அவராவது பேசியிருக்கலாம்.

"குறட்டை விட்டா ஏமாத்தினீங்க?" என்றாள் சத்தமாக.

கொழுந்தன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். மகள் வந்து தோளை அணைத்து உட்காரவைத்தாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழுகையிலும் பாதி கோபமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு வரவேண்டிய வண்டி நாலு இருபதுக்கு வந்தது. கொழுந்தன் ஓட்டுநரிடம் பாய்ந்தான். டிப்போக்காரர்களில் ஒருவர், "டைம் சார் எழுந்து மெமோ குடுத்துடப் போறாரு" என்றார். நாலைந்து பேர் சிரித்துவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்குமே உதட்டோரம் லேசாக அசைந்தது.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது ஆறாகியிருந்தது. யாரோ கூடத்தைக் கழுவி, மேசையை ஜன்னலோரமே போட்டிருந்தார்கள். மகள் குளிக்கப் போனாள். கொழுந்தன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான். மூடிய கண்ணோடேயே, "அந்தச் செடிய நாளைக்கு யாருக்காவது குடுத்துடலாம் அண்ணி. இனிமே யாரு பாக்கறது?" என்றான்.

அவள் மெஷினிடம் போனாள். தட்டின் அடியில் பழுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மேலே பார்த்தால் தூள் லேசாக வெளுத்துக் காய்ந்ததுபோலத்தான் இருந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே சொதசொதவென்று ஈரம். இத்தனை நாளில் ஒரு முறைகூட விரலை விட்டுப் பார்த்ததில்லை.

"அரை மணி தாமதம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தட்டைப் பால்கனிக்குத் தூக்கிப்போனாள்.

எப்படிச் சாய்ப்பது என்று தெரியவில்லை. முதல் சாய்ப்பிலேயே ஓரத்துக் குழியிலிருந்து ஒரு நாற்று தூளோடு சரிந்து வந்தது. பதறிக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். பிறகு கம்பியில் தட்டின் விளிம்பை வாகாக நிறுத்தி, மெதுவாக, மிக மெதுவாகச் சாய்த்தாள். அந்த இடத்தில் கம்பியின் பெயின்ட் ஒரு விரல் நீளத்துக்குத் தேய்ந்து போயிருந்தது.

முதல் சொட்டு விழுந்தது. கீழே கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கை நீண்டு வந்து அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனது. அவள் தட்டை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.