தட்டின் மேல் வைத்த கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சமையலறைத் தராசில் வெள்ளரிக்காய்த் துண்டுகளை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள் கரண்டியக்கா. இத்தனை வருடச் சமையலில் அவள் எதையும் எடைபோட்டதில்லை. கை அளந்தது, நாக்கு தீர்ப்புச் சொன்னது, அவ்வளவுதான். ஆனால் ஏழு மாதமாக நாக்கில் எதுவும் ஏறுவதில்லை. உப்பு கூடவா குறைவா என்பதை வீட்டில் சாப்பிடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். அதனால் தராசு.

ஏழு மாதத்துக்கு முன்பு, பேருந்து ஓட்டும் அவள் தம்பிக்கு, நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய கையோடு நெஞ்சு அடைத்தது. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். அதே மருத்துவமனையின் சலவைக்கூடத்தில்தான் அவளுக்கு வேலை. அன்று மாடிக்குப் போய்த் தம்பியைப் பார்த்தாள். கீழே வந்து மிச்சமிருந்த படுக்கை விரிப்புகளை மடித்தாள். நாற்பத்திரண்டு விரிப்புகள். அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

மருத்துவர் பொறுமையாக விளக்கியிருந்தார். ஒரு நாள் சாப்பாட்டில் யாருக்கும் ரத்தக்குழாய் அடைத்துவிடாது. குழாயின் உள்சுவரில் வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து வருவது அது. பரம்பரை, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. யாரோ ஒருவர் மேல் பழிபோட முடியாது என்றார். அவளும் தலையாட்டினாள். ஆனால் 'வருடக்கணக்காக' என்ற சொல் மட்டும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டது.

காரணம், அவளுடைய பட்டப்பெயர். ஒவ்வொரு கோடையிலும் ஆற்றோரப் பூங்காவில் குடும்பம் முழுவதும் கூடி, கரியடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடும். பரிமாறுவது மூத்தவளான அவள்தான். 'போதும்' என்று யாராவது தட்டின் மேல் கையை வைத்து மூடினால், அந்தக் கையின் மேலேயே ஒரு கரண்டி போட்டுவிடுவாள். எல்லோரும் கைதட்டிச் சிரிப்பார்கள். மாட்டிக்கொண்டவர் புறங்கையை நக்கிவிட்டு, இன்னொரு கரண்டி வாங்கிச் சாப்பிட வேண்டும். இருபது வருடமாக இதுதான் அந்தக் குடும்பத்தின் விளையாட்டு. அதிகம் மாட்டியவன் தம்பி. போன கோடையில் மட்டும் மூன்று முறை.

முந்தைய நாள் மாலை தம்பி மனைவி போன் செய்திருந்தாள்.

"அண்ணி, நாளைக்கு வரோம். ஆனா ஒண்ணு. அவரை யாரும் வற்புறுத்தாம நீங்கதான் பாத்துக்கணும். அவரால உங்ககிட்ட மாட்டேன்னு சொல்ல முடியாது. இந்தத் தடவையும் அப்படி ஆச்சுன்னா, இனிமே நாங்க வரமாட்டோம். கோச்சுக்காதீங்க."

"கவலைப்படாதம்மா. நான் வேற மாதிரி செஞ்சு எடுத்துட்டு வரேன்" என்றாள் கரண்டியக்கா. தம்பி மனைவி "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை.

போன வருடம்வரை அவள் கொண்டுபோனது ஒரு பெரிய பாக்கெட் பாஸ்தா, ஒரு முழுப் புட்டி மயோனைஸ், மேலே கண்ணை மறைக்கும் அளவு சீஸ். இந்த முறை கிரேக்க பாணி பாஸ்தா சாலட். பாஸ்தாவைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் வெள்ளரி, தக்காளி, குடைமிளகாய், வேகவைத்த கொண்டைக்கடலை.

இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வெள்ளரியில் முதலிலேயே உப்பைப் பிசறி வைத்தால் அதன் தண்ணீர் வெளியே வந்துவிடும். இல்லாவிட்டால் அது பாத்திரத்துக்குள் கசிந்து எல்லாவற்றையும் நீர்க்கச் செய்யும். பிறகு கழுவி, துணியால் ஒற்றிவிட வேண்டும். ஆறினால் பாஸ்தா விறைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு நிமிடம் கூடுதலாக வேகவைத்தாள். மேலே ஒட்டியிருக்கும் மாவுப்பசை போகக் குளிர்ந்த நீரில் அலசினாள். ஆலிவ் காய்களைத் தண்ணீரில் போட்டு உப்பை இறக்கினாள். எண்ணெய் மூன்றே மூன்று கரண்டி. அது எலுமிச்சைச் சாற்றோடு சேராமல் பிரிந்து நிற்கும். நடுவில் துணியில் வடிகட்டிய கெட்டித் தயிரைச் சேர்த்து அடித்தால், சண்டைக்காரர் இருவரையும் கைபிடித்து உட்கார வைப்பது போல அது இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பாஸ்தா இந்தக் கலவைச் சாற்றைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் பாதியை இப்போது கலந்து, மீதியைச் சாப்பிடும் நேரத்துக்கு வைத்தாள். வெள்ளைப் பாலாடைக்கட்டியைப் பொடியாக உதிர்த்தாள். அப்படிச் செய்தால் கொஞ்சமே போட்டாலும் ஒவ்வொரு வாய்க்கும் வரும்.

எட்டிப் பார்த்த கணவர், "தராசு, துணி, வடிகட்டி எல்லாம் ரெடி. ஆபரேஷன் எத்தனை மணிக்கும்மா?" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. பாத்திரத்தை ஐஸ் பெட்டிக்குள் இறக்கினாள். தயிர் சேர்த்தது வெயிலில் இருக்கக்கூடாது.

பூங்காவில் புகை ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. கணவர் இடுக்கியும் கையுமாக அடுப்பருகே நின்றார். தம்பி வந்தான். சட்டை தோளில் தொங்கியது. "நல்லா இருக்கியாடா?" என்றாள். "இருக்கேன்க்கா" என்றான். அவள் மனதில் ஒன்றும் அசையவில்லை. மரத்துப்போன தன் கையை யாரோ தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பது போல இருந்தது.

மீதிச் சாற்றை ஊற்றிக் கிளறினாள். சித்தப்பா பாத்திரத்துக்குள் தலையை நீட்டினார். "ஏம்மா, ஆடு ஏதாவது வருதா சாப்பிட?"

"நீங்கதான் வந்துட்டீங்களே சித்தப்பா" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா ஒரு வாய் போட்டார், பேசாமல் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

தம்பி ஒரு சின்னக் கிண்ணம் அளவு சாப்பிட்டான். "நல்லாருக்குக்கா. புளிப்பா, சில்லுனு இருக்கு" என்றான். நிஜமாகத்தான் சொன்னான். தட்டு காலியாக மடியில் இருந்தது.

கரண்டியக்கா பாத்திரத்தோடு எழுந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

"போதும்க்கா. வயிறு நிறைஞ்சிடுச்சு."

"இதுல எண்ணெயே இல்லடா. மூணே மூணு கரண்டி. மயோனைஸ் கிடையாது, உப்பும் கம்மி. காலைல ஏழு மணிலேருந்து உனக்காகத்தான் நிக்கறேன்."

"டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்க்கா" என்று சொல்லித் தம்பி தட்டின் மேல் கையை விரித்து வைத்தான்.

"ஆஹா, வச்சுட்டான்டா! கையிலயே போடும்மா!" என்று கத்தினார் சித்தப்பா. யாரோ கைதட்டினார்கள். தம்பி மனைவி எழுந்து நின்றாள். கரண்டி சாய்ந்தது. கரண்டியக்கா சாய்க்கவில்லை. இருபது வருடப் பழக்கம் அதுவாகச் சாய்த்தது. ஓர் ஆலிவ் காய் உருண்டு தம்பியின் புறங்கையில் விழுந்தது.

அவன் கை லேசாகப் புரண்டதில் மணிக்கட்டின் உள்பக்கம் தெரிந்தது. மிளகு அளவில் ஒரு தழும்பு. குழாய் போன வழி. அவள் அதை இதற்குமுன் பார்த்ததில்லை.

தம்பி பழையபடி சிரித்தான். பிறகு தட்டின் மேலிருந்து கையை மெதுவாக எடுக்கத் தொடங்கினான். வாங்கிக்கொள்ளத்தான்.

"எடுக்காத" என்றாள் அவள். "கையை எடுக்காதடா."

கைதட்டல் நின்றது. அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டாள்.

"வேணாம்னா வேணாம்னு அழுத்திச் சொல்லத் தெரியாதா உனக்கு?"

"சொல்லிட்டுத்தானேக்கா இருக்கேன்" என்றான் தம்பி. குரலில் கோபமே இல்லை. "இருபது வருஷமா. இந்தக் கையாலதான்."

கரண்டியக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை இப்போதும் வரவில்லை. விரிப்பு மடிப்பது போல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"எண்ணெயைக் கொறைச்சேன். உப்பைக் கொறைச்சேன். என் கையை மாத்திக்கலை. அதைத்தான் நேத்து உன் பொண்டாட்டி போன்ல சொன்னா, எனக்குப் புரியலை." சித்தப்பாவைப் பார்த்தாள். "தட்டு மேல ஒருத்தர் கை வச்சா அது விளையாட்டு இல்ல சித்தப்பா. அது அவங்க பேச்சு. அன்புன்னு சொல்லிக்கிட்டு அதை நாம காதுலயே வாங்கிக்கலை. எவ்வளவு நல்ல சாப்பாடா இருந்தாலும், வேணாங்கறவங்க தட்டுல திணிச்சா அது பாசம் இல்ல, பலவந்தம்."

தம்பி மனைவி மெல்ல உட்கார்ந்து, பாத்திரத்திலிருந்து தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொண்டாள். தம்பி புறங்கையில் இருந்த ஆலிவ் காயை எடுத்து வாயில் போட்டான்.

கரண்டியக்கா தன் தட்டில் கொஞ்சம் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தாள். எலுமிச்சை லேசாகத் தெரிந்தது போலிருந்தது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அடுப்பிலிருந்து கணவர் சுட்ட கோழித் துண்டை இடுக்கியில் பிடித்தபடி வந்தார். வழக்கமாக நேராகத் தட்டில் போடுகிறவர், இப்போது நின்றார்.

"வேணுமா?" என்று கேட்டார்.

"வேணாம்" என்றாள் அவள்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரிடம் கேட்கப் போனார்.