மூத்தவளின் பத்திரம்

2024 மார்ச் 4ஆம் திகதி, பேசாலையில் உள்ள றஞ்சிதாவின் வீட்டுக்குக் கணித ஆசிரியை இராசேஸ்வரி ஒரு விண்ணப்பப் படிவத்துடன் வந்தார்.

பதினைந்து வயது நிரம்பாத அபூர்வத் திறமைசாலிகளை, உயர்தரப் பரீட்சை இல்லாமலே கணிதப் பட்டப்படிப்புக்கு எடுக்க ஒரு பல்கலைக்கழகம் முன்வந்திருந்தது. றஞ்சிதாவின் மகள் அனுப்பிய விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பேராசிரியரே தொலைபேசியில் பேசியிருந்தார்.

“பிள்ளைக்குப் பதினாலு எண்டு சொன்னனீங்கள்தானே? பேர்த் சேட்டிபிக்கற்றைத் தாங்கோ, நாளைக்கே அனுப்புறன்.”

பத்திரம் அலுமாரியின் மேல்தட்டில்தான் கிடந்தது. ஆனாலும் றஞ்சிதா நெடுநேரம் தேடினாள்.

“இதில பதினாறு வருதே?” என்றார் ஆசிரியை.

“அது மூத்தவளின்ர, ரீச்சர்.”

ஊரில் பிறந்த மூத்தவள் டிலோஜினி, கைக்குழந்தையாகவே இந்தியாவில் அகதி முகாமில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த மரணத்தை இங்கே யாரும் பதியவில்லை. டிலோஜினி பிறந்து இரண்டு வருடம் கழித்து அதே முகாமில் லக்சிகா பிறந்தாள். 2015இல் ஊர் திரும்பியபோது அவளுக்கென்று ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டார்கள். றஞ்சிதா கையில் இருந்ததைக் கொடுத்தாள். ஐந்து வயதுப் பிள்ளை, டிலோஜினி என்ற பெயரில், ஏழு வயதுக்காரரோடு மூன்றாம் வகுப்பில் போய் இருந்தது. முதல் தவணையிலேயே முதலாவதாக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

வாசலில் தகப்பனின் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த லக்சிகா சிரித்தாள். “அக்கா சரியான மொக்கு என்ன? பதினாறாகியும் கம்பஸ் போகேல்ல.”

“வாயை மூடடி!”

மறுநாள் தாயும் மகளும் பிறப்பு, இறப்புப் பதியும் கந்தோருக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். எழுதுவினைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“முதல்ல மூத்த பிள்ளையின்ர இறப்பைப் பதியோணும் அம்மா. முகாமில இருந்து கடிதம் எடுக்கோணும். பிறகுதான் இவவைப் பதியலாம். ஒரு வருசம் செல்லும்.”

“விண்ணப்பம் இந்த மாசம் முடியுது, ஐயா.”

“அப்ப சரிவராது. அதோட, அந்தப் பேரை இப்ப கிளறினால் மே மாச ஓ.எல். சோதினையும் எழுதேலாமல் போகும். யோசிச்சுச் செய்யுங்கோ.”

றஞ்சிதா மகளைப் பார்த்தாள். மகள் எழுதுவினைஞரின் மேசையைப் பார்த்தாள்.

“அக்கா இருக்கட்டும், அம்மா,” என்றாள். “வாங்கோ, பஸ் போயிடும்.”

விண்ணப்பம் அனுப்பப்படவில்லை. மே 6ஆம் திகதி லக்சிகா சாதாரண தரப் பரீட்சை எழுதப் போனாள். வரவுத்தாளில் டிலோஜினி என்று கையொப்பமிட்டாள்.