ஒன்பது நோட்டட்

சொரிமுத்து அண்ணாச்சி மதியம் இரண்டு பத்துக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருந்தார்: "சார் நெஞ்சு வலிக்கு. கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்."

அதற்குக் கீழே ஒன்பது பேர் 'நோட்டட்' போட்டிருந்தோம். நான் நான்காவது.

எங்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கெல்லாம் எங்களுக்கு நேரம் கிடையாது.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் ஓரத்தில் மாடி ஆபீஸ். கீழே சரக்கை ஏற்றிப் பெட்டிக்குச் சீல் வைப்பார்கள். மேலே நாங்கள் அதற்கான காகிதங்களைத் தயார் செய்வோம். ஒவ்வொரு கப்பலுக்கும் 'கட்-ஆஃப்' என்று ஒரு நேரம் உண்டு. அதற்குள் பெட்டி துறைமுகக் கேட்டைத் தாண்டாவிட்டால் கப்பல் போய்விடும், பெட்டி கரையில் நிற்கும். எங்கள் மேனேஜர் சிவசுப்பிரமணியன் சார் கப்பலை நம்பாதவர். அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் தனக்கென்று ஒரு கட்-ஆஃப் வைத்திருந்தார். கூடவே ஒரு சட்டம்: குரூப்பில் எது வந்தாலும் இரண்டு நிமிஷத்துக்குள் எல்லோரும் 'நோட்டட்' போட வேண்டும். போடாதவன் பெயர் சாயங்காலம் அதே குரூப்பில் வரும். மூன்று முறை வந்தால் ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி.

நான் நாசரேத்துக்காரன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். கேள்வி கேட்பதே குலத்தொழில். நான் ஒருவன்தான் பதில் எழுதும் வேலைக்கு வந்தேன், அதுவும் ஒரே பதில். நாலு ஞாயிறு கோயிலுக்குப் போக முடியாமல் போன பிறகு என் விரல் திருந்திவிட்டது. மெசேஜை நான் படிப்பதற்கு முன்பே அது பதில் போட்டுவிடும். ஒருநாள் என் மனைவி ரேச்சல், "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பினாள். நோட்டட். "பிள்ளைக்குக் காய்ச்சல்." நோட்டட். "நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்." அதற்கும் நோட்டட். வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நான் நோட் பண்ணினேன்.

மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் தலைச்சுற்றல், மதியம் நெஞ்செரிச்சல், போன் சத்தம் கேட்டால் இடது கண் துடிக்கும். ஆம்பிளைக்கு இடது கண் துடித்தால் கெட்டது நடக்கும் என்று பக்கத்து டேபிள் ஜெனிலா சொன்னாள். நடந்துகொண்டுதானே இருக்கிறது என்றேன்.

அன்று காலை டீக்கடையில் அண்ணாச்சியும் இடது தோளைத் தேய்த்துக்கொண்டுதான் நின்றார். அவர்தான் யார்டு சூப்பர்வைசர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் வயல்காட்டு ஊர். வயது ஐம்பத்து மூன்று.

"என்ன அண்ணாச்சி, தோளப் பிடிச்சிட்டு நிக்கிய?"

"கேஸுடே. நேத்து புரோட்டா தின்னேன்."

"புரோட்டாவா, நம்ம சாரா?"

"ரெண்டும் செரிக்காது. புரோட்டாவுக்காவது சால்னா உண்டு."

"ஆஸ்பத்திரில போய்க் காட்டுங்க அண்ணாச்சி."

"லீவு கேட்டேன்லா. 'சாகும்போது சொல்லும்வே, லீவு தாரேன்'னு சொல்லுதான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நல்ல ஜோக், வேறெங்காவது சொல்லலாம் என்று ஞாபகத்திலும் வைத்துக்கொண்டேன்.

மதியம் நாலாவது பெட்டியின் சீல் நம்பர் எனக்குத் தேவைப்பட்டது. குரூப்பில் தேடி மேலே போனேன். "நாலாவது பெட்டி சீல் போட்டோ எங்க?" என்று சார் கேட்டிருந்தார். அதற்கு எங்கள் நோட்டட் ஒரு வரிசை. அதற்கும் மேலே இன்னொரு வரிசை. அதற்கும் மேலேதான் அண்ணாச்சியின் நெஞ்சு வலி இருந்தது. சாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போட்டோ கேட்டிருக்கிறார்.

மணி இரண்டு இருபத்தேழு.

படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியவில்லை. அண்ணாச்சி நாலாவது பெட்டியின் நிழலில் அதன் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யார்டு வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும். அவர் கையைத் தொட்டால் வேர்வை ஜில்லென்று இருந்தது.

"சீல் வச்சாச்சு" என்றார். "போட்டோதான் எடுக்க முடியல. எடுத்துப் போட்டுருடே."

எடுத்தேன். குரூப்பில் போடவும் செய்தேன். இதை எழுதாமல் விட்டிருந்தால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்திருப்பேன்.

டிரைவர் பாண்டித்துரையின் குட்டியானை லோடு வண்டி பக்கத்தில் நின்றது. இரண்டு பேருமாகத் தூக்கி, பின்னால் தார்ப்பாயின் மேல் படுக்கவைத்தோம். அவர் தலை என் மடியில் இருந்தது. என் சட்டைப்பையில் போன் எட்டு முறை அதிர்ந்தது. சீல் போட்டோவுக்கு நோட்டட். ஒன்பதாவது, சாரின் அழைப்பு.

"பாண்டித்துரை வண்டி எங்க போகுது?"

"சார், அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி..."

"அதான் பாத்தேனே. அதுக்கு ரெண்டு பேரா? அஞ்சு மணிக்குக் கட்-ஆஃப். நாலாவது பெட்டி பேப்பர் எவன் போடுவான், உங்க அப்பனா?"

என் அப்பா ரிட்டயர்டு தலைமையாசிரியர். அவரால் முடியாது என்று சொல்ல நினைத்தேன். "நோட்டட் சார்" என்றேன்.

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே கொண்டுபோனதும் இளவயது டாக்டரம்மா ஒருவர் வந்து, வலி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார்.

"ரெண்டு பத்து."

"அவ்வளவு கரெக்டா எப்படித் தெரியும்?"

"எழுதிக் குடுத்தாரு, டாக்டர்."

"கிளம்பினது எப்ப?"

சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பிரஷர் நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து.

"நீங்களும் படுங்க."

"அஞ்சு மணிக்குக் கட்-ஆஃப் இருக்கு டாக்டர்."

"கப்பலுக்கா, உங்களுக்கா?"

படுத்தேன்.

நாலரைக்கு அண்ணாச்சியின் மனைவி இசக்கித்தாய் வந்தார். நர்ஸ் அவர் கையில் சட்டை, செருப்பு, போன் மூன்றையும் கொடுத்தார். இசக்கித்தாய் அழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்து வெகு நேரம் பார்த்தார்.

"இதுல டேவிட்சன்ங்கது யாரு?"

"நான்தான் மதினி."

"நோட்டட்டுன்னா என்னது?"

"தெரிஞ்சிக்கிட்டோம்னு அர்த்தம்."

"தெரிஞ்சி?"

என் விரலைப் பார்த்தேன். அதற்கு அந்த ஒரு வார்த்தைதான் தெரியும்.

"நெஞ்சு வலிக்குன்னு ஒரு மனுசன் எழுதுதாரு. ஒம்பது பேரு தெரிஞ்சிக்கிட்டிய. ஒருத்தனுக்குக்கூட காலு இல்லியோ?"

"மதினி, நான்தான் அவர இங்க..."

"என்ன மதினிங்காத. அங்கன போய் உக்காரு."

அவர் காட்டிய இடம் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் இருந்தது. போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை ஒரு விஷயம் தெளிவானது. அண்ணாச்சி பிழைத்துவிட்டார், ஆனால் பல மாதம் யார்டில் கால் வைக்க முடியாது. டியூட்டியில் விழுந்தவர் என்றால் சிகிச்சையும் கம்பெனி பொறுப்பு, வேலையும் பத்திரம். லீவில் இருந்தவர் என்றால் அவர் பாடு.

பத்து மணிக்கு, நான் ஆபீஸ் வந்து டேபிளில் உட்கார்ந்ததும், சார் குரூப்பில் போட்டார்: "சொரிமுத்து நேற்று மதியம் 12 மணி முதல் லீவு. யார் விசாரித்தாலும் இதுவே பதில். அனைவரும் உறுதி செய்யவும்."

சாகும்போது சொன்னால் லீவு தருவதாகச் சொன்னாரே, தந்துவிட்டார்.

ஒரு நிமிஷம் ஆனது. யாரும் எதுவும் போடவில்லை. சார் கேபினிலிருந்து ஹாலுக்கு வந்து நடுவில் நின்றார்.

"ஏன், ஒருத்தனுக்கும் விரலு இல்லியோ?"

ஜெனிலா என்னைப் பார்த்தாள். நான் என் போனைப் பார்த்தேன். இடது கண் துடித்தது. விரல் பழக்கப்படி வேலையை ஆரம்பித்தது. 'நோ' வரைக்கும் அடித்துவிட்டது. அங்கே வழுக்கியது. அனுப்பும் பட்டன் அமுங்கிவிட்டது.

குரூப்பில் என் பெயரும் அதற்குக் கீழே ஒற்றை எழுத்தும் நின்றன: நோ.

பின்னால் இதை வீரம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைக் காலையில் போட மறந்துவிட்டோமே என்பதுதான்.

"என்னலே இது?" என்றார் சார்.

"சார், அது... முடிக்கல."

"முடி."

மூன்றெழுத்துதான் பாக்கி. மற்ற எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தனுக்குக்கூட காலு இல்லியோ என்று நேற்றைய குப்பைக்கூடைப் பக்கமிருந்து காதில் கேட்டது.

"முடியல சார்" என்றேன்.

அப்போது ஹாலில் எல்லாப் போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. சொரிமுத்து அண்ணாச்சியின் நம்பரிலிருந்து மெசேஜ்.

"நோட்டட். இப்படிக்கு, இசக்கித்தாய்."

லீவு கொடுத்த அவசரத்தில் அண்ணாச்சியைக் குரூப்பிலிருந்து எடுக்கச் சார் மறந்திருந்தார்.

அவர் தன் மெசேஜை அழிக்கப் பார்த்தார். விரல் வேறெதையோ அமுக்கியது. ஏசி பதினெட்டில் ஓடியது. அவர் காதோரம் வேர்வை இறங்கியது. எனக்கு அந்த வேர்வை தெரியும். என்னையறியாமல் என் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.

"உக்காருங்க சார்."

"வெளிய போலே."

பையை எடுத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. அண்ணாச்சியின் நம்பர்.

"ஏய் டேவிட்சன்," என்றார் இசக்கித்தாய். குரலில் நேற்றைய கோபம் அப்படியே இருந்தது. "இவரு கண்ணு முழிச்சிட்டாரு. புள்ளையக் கேக்கல, என்னையக் கேக்கல. நாலாவது பெட்டி கப்பல்ல ஏறிட்டுதான்னு கேக்காரு. என்னத்தச் சொல்லட்டும்?"

ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். நாலாவது பெட்டி நேற்று நின்ற இடத்திலேயே, அவர் வைத்த சீலோடு நின்றது.

"போயிருச்சு மதினி" என்றேன். "அவரத் தூங்கச் சொல்லுங்க."

மதினி என்றதற்கு இந்த முறை ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார்.