கிரேனின் கடவுச்சொல்

என் கணவருக்கு அட்டையும் மோட்டாரும் வைத்துச் செய்த பொம்மை கிரேன்தான் மூத்த பிள்ளை. இன்று சாயங்காலம் அவருடைய பொம்மை செய்பவர்கள் மன்றத்தில் அதைக் காட்டப்போகிறார். இயக்குவதற்குக் கணினித் திரையில் பட்டன்கள் வேண்டும் என்றார். மூன்று வருஷமாக வேலையில்லாத மென்பொருள்காரி வீட்டோடு இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்? மேலே, கீழே, நில் என்று மூன்று பட்டன். வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு. முக்கால் மணி நேர வேலை. அவர் என் தோளுக்குப் பின்னாலேயே நின்றதால் இரண்டு நாளாயிற்று.

"பட்டன் இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கலாம்ல?"

பெரிதாக்கினேன்.

"பச்சை கண்ணை உறுத்துதே."

அதையும் மாற்றினேன். மன்றத்தில் யாராவது கையை வைத்து மூடிவிடுவார்களாம். பட்டன்கள் திரை முழுக்க நிற்கட்டும், கடவுச்சொல் இல்லாமல் மூடக் கூடாது என்றார். "அதை நானே போட்டுக்கறேன்மா, நீ அந்தப் பக்கம் திரும்பு." நச்சரிப்பு ஒழிந்தால் போதுமென்று திரும்பிக்கொண்டேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் இருப்பது ஒரே கணினி. பதினோரு மணிக்கு எனக்கு வேலைக்கான நேர்காணல். நிரல் எழுதிக் காட்ட வேண்டும், போனில் ஆகாது. மூன்று வருஷத்தில் என்னைக் கூப்பிட்ட முதல் கம்பெனி அது.

பத்தே முக்காலுக்கும் கிரேன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மூடிக் குடுங்க."

"ரெண்டு மணி நேரம் நிக்காம ஓடுதான்னு பாக்கணும்மா."

"பதினொண்ணுக்கு இன்டர்வியூன்னு நேத்தே சொன்னேன்ல."

"நாளைக்கு வெச்சுக்கச் சொல்லு. வீட்லதானே இருக்க."

கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

நான் கட்டிய திரை, எனக்கே வழிவிடவில்லை. 'நில்' பட்டனை அழுத்தினேன். கிரேன் நின்றது, திரை அசையவில்லை. கிரேனிலிருந்து கணினிக்கு வரும் கேபிளைப் பிடுங்கினால் திரை தானாக மூடிக்கொள்ளும், அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் கடவுச்சொல் போட்டு மூடினால்தான் அளவுகளைச் சேமிக்கும். பிடுங்கினால், இரண்டு நாளாக அவர் பார்த்துப் பார்த்து வைத்த வேகமெல்லாம் போய்விடும். கணினியை அணைத்தாலும் அதே கதிதான்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. குளியலறையில் சீட்டி அடித்துக்கொண்டிருந்தார். பிடுங்கினேன்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. "கடைசியா எப்போ ப்ரோக்ராம் எழுதினீங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"இன்னிக்குக் காலையில, சார்."

குளியலறைக் கதவு திறந்தது. "ஏம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஒரு நிமிஷம், சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து, அறைக் கதவை உள்ளே தாழிட்டேன். வந்து உட்கார்வதற்குள் தட்டிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"வெளிய யாரோ கூப்பிடறாங்க போல?" என்றார் திரையில் இருந்தவர்.

"என் வீட்டுக்காரர் குரல்தான். நீங்க அடுத்த கேள்வியைக் கேளுங்க, சார்."